நடத்தைக்கு யார் சாட்சி? இணையர் குடியேற்றமும் காவல் துறைச் சான்றிதழும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆகிறது. கணவர் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். அவரோடு சேர்ந்து வாழ அவள் விண்ணப்பிக்கும்போது, அந்த நாடு இரண்டு செய்திகளை உறுதி செய்யச் சொல்கிறது. திருமணம் மெய்யானது என்பது ஒன்று. அவளுக்குக் குற்றப் பின்னணி இல்லை என்பது மற்றொன்று. முதலாவதைக் காட்டப் புகைப்படங்கள், பேசிய பதிவுகள், பதிவுச் சான்றிதழ் என்று குடும்பமே முனைகிறது. இரண்டாவது, 500 ரூபாய் கட்டி வாங்கும் ‘பி.சி.சி.’ (காவல் துறைச் சான்றிதழ்) என்ற ஒரே தாளில் அடங்கிவிடுகிறது.

அந்தத் தாளுக்குப் பின்னால் நெடுநாளாகத் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. முன்பின் அறியாத நாட்டுக்குப் போகும் ஒருவரின் நடத்தைக்கு யார் உறுதி சொல்ல முடியும்? அந்த உறுதியை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்குச் சொல்லப்பட்டுவரும் விடைகளை நான்கு நிலைப்பாடுகளாகப் பிரிக்கலாம். அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊர் அறிந்ததும் ஏடு அறிந்ததும்

நடத்தையைச் சோதித்து ஆளைத் தேர்வதற்கு உத்திரமேரூரிலேயே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்துச் சான்று உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு வாரிய உறுப்பினரைத் தேரும் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதைவிட யார் பெயரை எழுதக்கூடாது என்ற பட்டியலே நீளம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், பெரும்பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய் ஆவணம் செய்தவர் ஆகியோர் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரின் தந்தை, மகன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவர் போன்ற உறவினருக்கும் அந்த விலக்கு நீண்டது. இது ஒரு பிராமணச் சபை தனக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கு. சோழ நாட்டு ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதைப் பொதுவாக்குவது பொருந்தாது. எனினும் ஊர் அறிவின் இரண்டு இயல்புகள் இதில் தெரிகின்றன. தீர்ப்புச் சொல்பவருக்கு ஆளை நேரில் தெரியும். குற்றத்தின் கறை செய்தவரோடு நில்லாமல் உறவின் மீதும் படியும்.

பதிவேட்டை நம்பும் முறை மிகவும் பிந்தியது. பிரான்சில் 1850இல் தொடங்கிய குற்றத் தீர்ப்புப் பதிவேடு இதற்கு முன்னோடி. ஒருவர் எந்த ஊரில் தண்டனை பெற்றாலும் அக்குறிப்பு அவர் பிறந்த பகுதியின் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. பிழைப்புக்காக ஊர் மாறிக்கொண்டிருந்த மக்களை அண்டை வீட்டார் அறிய முடியாத காலத்தில், ஏடு அந்த வேலையைச் செய்தது. அதில் ஏறியவை நீதிமன்றத் தீர்ப்புகள்.

மதராஸ் மாகாணத்தில் கதை வேறு விதமாக நடந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் மாவட்டக் காவல் துறையை ஒழுங்குபடுத்தியது. கிராம முன்சீப்பும் தலையாரியும் அறிந்த ஊர்ச் செய்தி, நிலையத்து ஏடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் இம்மாகாணத்துக்கும் வந்து, சில சாதிகளில் பிறந்ததையே பதிவுக்குரிய காரணமாக்கியது. மதராஸ் மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. முன்சீப் இருந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்தார். ஊர்ப் பெரியவர் வாய்ச்சொல்லின் மதிப்பு அலுவலகப் பதிவுக்கு மாறியது. ஆனால் பிரான்சின் ஏட்டில் தீர்ப்பு இருந்தது போல, இங்குள்ள நிலையத்து ஏட்டில் தீர்ப்பு மட்டும் இருக்கவில்லை. சந்தேகமும் கண்காணிப்பும் சேர்ந்தே இருந்தன. தீர்ப்பா, சந்தேகமா என்ற இந்த வேறுபாடுதான் இன்றைய சான்றிதழ் பற்றிய பல சிக்கல்களுக்கு வேர்.

எல்லையில் நிறுத்தப்பட்ட மனைவி

குடியேற்றத்தில் நடத்தைச் சோதனை முதலில் இறங்கிய இடங்களில் ஒன்று பெண்களின் பயணம். அமெரிக்காவின் 1875ஆம் ஆண்டு பேஜ் சட்டம், சீனா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வரும் பெண்கள் பாலியல் தொழிலுக்காகக் கொண்டுவரப்படவில்லை என்பதைப் புறப்படும் துறைமுகத்திலேயே தூதரக அதிகாரி விசாரிக்க வேண்டும் என்றது. ஹாங்காங்கில் பெண்களின் நடத்தையும் குடும்பமும் துருவிக் கேட்கப்பட்டன. கணவரிடம் செல்ல விரும்பிய மனைவியரையும் அது பெருமளவில் தடுத்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

தமிழர் வரலாற்றில் இதற்கு நெருங்கிய நிகழ்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று தீர்ப்பளித்தார். இந்திய மனைவியர் பலரின் நிலை ஒரே நாளில் கேள்விக்குறியானது. தமிழ்ப் பெண்கள் பலர் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறை சென்றனர். சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். அவ்வாண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருவருக்கு ஒரு மனைவியை ஏற்றது. 1918இல் லண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாடு, பிற பிரிட்டிஷ் நாடுகளில் நிலைத்துவிட்ட இந்தியர்கள் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. அதற்கான நிபந்தனைகளில் ஒன்று: இவர் இன்னாரின் சட்டப்படியான மனைவி என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும். கணவர் வாழும் நாட்டின் ஐயத்துக்கு மனைவி பிறந்த நாட்டின் அரசு எழுத்து மூலம் பதில் சொல்லும் ஏற்பாடு இங்கே உருவம் பெற்றது.

காவல் துறைப் பதிவு தனி நிபந்தனையாக நுழைந்தது அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில். விண்ணப்பதாரர் பற்றி அவருடைய அரசு வைத்திருக்கும் கோப்பும் சிறைப் பதிவும் கிடைக்குமானால் அவற்றின் படிகளைத் தர வேண்டும் என்று அது கேட்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டம், தங்கள் பதிவுகள் என்ன காட்டுகின்றன என்று காவல் அதிகாரிகள் தரும் சான்றை வெளிப்படையாகக் கோரியது. இன்றைய நடைமுறை இந்தச் சட்டத்தின் தொடர்ச்சி.

இன்று யார் என்ன கேட்கிறார்கள்

நாடுகள் கேட்பது ஒரே மாதிரி இல்லை. அமெரிக்கா, 16 வயது நிரம்பிய குடியேற்ற விண்ணப்பதாரரிடம், அவருடைய சொந்த நாட்டில் 6 மாதத்துக்கு மேல் வாழ்ந்திருந்தால் அந்நாட்டுச் சான்றையும், முன்பு ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த பிற நாடுகளின் சான்றையும் கேட்கிறது. கைது செய்யப்பட்ட இடம் எதுவானாலும், அங்கே எவ்வளவு குறைந்த காலம் இருந்தாலும், அதற்கும் சான்று வேண்டும். கனடா, 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த நாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. ஆஸ்திரேலியா, 16 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதம் வாழ்ந்த நாடுகளைக் கேட்கிறது. பிரிட்டனின் குடும்ப வழி விசாவில் மனைவியிடமோ கணவரிடமோ இத்தகைய சான்றிதழ் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. விண்ணப்பதாரரே குற்றப் பின்னணியை அறிவிக்க வேண்டும். மறைத்தால் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

கேட்கும் பக்கத்தில் இந்தியாவும் உண்டு; இலங்கையும் நின்றதுண்டு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இந்தியரின் வெளிநாட்டு இணையர் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை பெறத் திருமணம் பதிவாகி 2 ஆண்டுகள் தொடர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே பாதுகாப்பு ஒப்புதலும் வேண்டும். இலங்கை ஒரு படி மேலே போய், 2022 ஜனவரி 1 முதல் இலங்கையரைத் திருமணம் செய்யும் வெளிநாட்டவர் திருமணப் பதிவுக்கே பாதுகாப்பு அமைச்சின் தடையின்மை அறிக்கை பெற வேண்டும் என்று அறிவித்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றின் உறவுகள் கனடா, பிரிட்டன், பிரான்சு நாடுகளில் பரந்திருக்கையில், அந்த அறிவிப்பு தனிவாழ்வில் அரசின் தலையீடு என்று கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

உத்திரமேரூரில் சான்றிதழ் பிறக்கும் வழி

இந்தியக் குடிமகளுக்கு வெளிநாட்டுக் குடியேற்றத்துக்கான சான்றிதழைத் தருவது வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் அலுவலகம். உள்ளூர்க் காவல் நிலையம் அதற்குத் தகவல் தருகிறது. இணையத்தில் விண்ணப்பித்து, நேரம் வாங்கிக்கொண்டு, சென்னை மண்டலத்தின் ஒரு பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கோ அஞ்சலகக் கேந்திராவுக்கோ போக வேண்டும். அஞ்சலகக் கேந்திராக்களில் பி.சி.சி. விண்ணப்பத்தை ஏற்பது 2022 செப்டம்பர் இறுதியில்தான் தொடங்கியது. அதன் பிறகு, தற்போதைய முகவரிக்குரிய காவல் நிலையத்துக்கு விசாரணை வருகிறது. நிலையப் பதிவுகளும் குற்றத் தகவல் வலைப்பின்னலும் பார்க்கப்படுகின்றன. பல இடங்களில் வீட்டுக்கு ஆள் வருவதோ நிலையத்துக்கு அழைப்பு வருவதோ உண்டு.

இவ்வழியில் கிராமப்புறப் பெண்ணுக்கு மூன்று இடங்களில் சிக்கல் வரக்கூடும். முதலாவது முகவரி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்து விடுதியில் தங்கும் பெண்ணின் ‘தற்போதைய முகவரி’ ஒரு காவல் நிலையத்தில், சொந்த ஊர் இன்னொன்றில். திருமணத்துக்குப் பின் மாமியார் வீட்டு முகவரி மூன்றாவதாகச் சேரும். இரண்டாவது பெயர். தமிழ்ப் பெயரோடு பெரும்பாலும் குடும்பப் பெயர் வருவதில்லை. தந்தையின் முதலெழுத்து உண்டு. பாஸ்போர்ட்டில் அது விரிந்து ஒரு பெயராகிறது. திருமணத்துக்குப் பின் கணவரின் முதலெழுத்து வருகிறது. பள்ளிச் சான்றிதழில் பழைய எழுத்து நிற்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருப்பதாக வெளிநாட்டு அதிகாரிக்குத் தோன்றலாம். மூன்றாவது, வெளிநாட்டில் வாழ்ந்த காலம். சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவர் அந்நாட்டுக் காவல் துறையிடம் தனிச் சான்று பெற வேண்டும். மலேசியாவில் இருந்தவருக்கு அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் தருகிறது. இந்தியாவில் வாழும் இலங்கைத் தமிழர் போன்ற வெளிநாட்டவருக்கு வழி வேறு; அவர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் போன்ற அதிகாரிகளை அணுக வேண்டும்.

இவற்றைவிட ஆழமான சிக்கல் சான்றிதழின் வாசகத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்டுக்கு விசா பெறத் தகுதியற்றவராக்கும் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்பதே அதன் சாரம். தண்டனை பெற்றவரா இல்லையா என்று அது நேராகச் சொல்வதில்லை. ‘பாதகமான தகவல்’ எது என்பதை உள்ளூர் நிலையமும் பாஸ்போர்ட் அலுவலகமும் முடிவு செய்கின்றன. வரப்புத் தகராறில் இரு தரப்பும் மாறிமாறிப் புகார் கொடுத்து, வீட்டுப் பெண்கள் பெயரும் எப்.ஐ.ஆரில் ஏறுவது கிராமங்களில் புதிதல்ல. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்த புகார், சமரசமான வழக்கு, நிலுவையில் இருக்கும் வழக்கு ஆகிய மூன்றும் சட்டத்தின் பார்வையில் வேறுவேறு. ஒரு சொல்லில் அடங்கும் அறிக்கையில் அந்த வேறுபாடு மங்கிவிடலாம்.

முதல் நிலைப்பாடு: வரவேற்கும் நாட்டின் பாதுகாப்பு

சான்றிதழை ஆதரிப்போரின் வாதம் எளியது. குடியேறுபவரின் முன்வாழ்வு பற்றிய பதிவு அவர் பிறந்த நாட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்பதைவிட மலிவான, எல்லாருக்கும் பொதுவான வழி வேறில்லை. கனடாவின் 2001ஆம் ஆண்டுக் குடியேற்ற, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வெளிநாட்டுக் குற்றத்தைக் கனடியச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஒப்பிட வேண்டுமானால் முதலில் அதைப் பற்றிய தகவல் வேண்டும்.

இந்த வாதம் சான்று தரும் நாட்டின் பதிவுகளை நம்பி நிற்கிறது. அதுவே இதன் முதல் பலவீனம். இலங்கையில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் குற்றச்சாட்டே இல்லாமல் தடுத்து வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களுடைய பதிவு எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பது அரசின் பார்வையைப் பொறுத்தது. இரண்டாவதாக, வீட்டுக்குள் நடந்த வன்முறை புகாராகாமல் போனால் ஏட்டுக்கு வராது. குடும்பம் என்ற எல்லைக்குள் மிக முக்கியமான ஆபத்து அதுவே.

மூன்றாவதாக, தூய சான்றிதழ் இருந்தாலும் ஐயம் தீர்வதில்லை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், எல் சால்வடார் நாட்டுக் கணவருக்குக் குற்றப் பதிவு இல்லை. அவர் உடலில் குத்தியிருந்த பச்சை, குற்றக் கும்பலோடு தொடர்பைக் காட்டுவதாகத் தூதரகம் ஐயுற்று விசா மறுத்தது. வழக்காடிய பிறகே காரணம் வெளியே வந்தது. பிரிட்டனின் அனுபவமும் இங்கே கருதத்தக்கது. சான்றிதழ் கேட்காத வழியால் அங்கே இணையர் குடியேற்றம் கூடுதல் ஆபத்தாகிவிட்டது என்பது நிறுவப்பட்ட முடிவல்ல. அதே நேரம், ஒரு நாட்டின் நடைமுறையை மட்டும் வைத்துச் சான்றிதழே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் நிலைப்பாடு: குடும்பமாக வாழும் உரிமை

1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 16ஆம் பிரிவு திருமணம் செய்து குடும்பம் அமைக்கும் உரிமையைச் சொல்கிறது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு குடும்ப வாழ்வைக் காக்கிறது. குடும்ப ஒன்றிணைப்பு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு நெறிமுறை, பொது ஒழுங்கின் பெயரால் மறுக்க இடம் தந்தாலும், குடும்ப உறவின் தன்மையையும் வலுவையும் எடைபோடச் சொல்கிறது. இவ்வாதத்தின்படி, பிரித்து வைப்பதற்கு அரசிடம் வலுவான காரணம் இருக்க வேண்டும்; பழைய சிறு வழக்கோ தாமதமான தாளோ அதற்குப் போதாது.

சோதனை எல்லை கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1979இன் எடுத்துக்காட்டு உண்டு. திருமணத்துக்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஓர் இந்திய ஆசிரியை ‘கன்னித்தன்மை’ச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது வெளியானபோது இரு நாடுகளிலும் கொந்தளிப்பு எழுந்தது. அது காவல் துறைச் சான்றிதழ் பற்றியதல்ல. வரும் மனைவியை முதலில் சந்தேகத்துக்குரியவளாகக் காணும் அதே மனநிலையின் கொடிய வடிவம் அது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அது எவ்வளவு தூரம் சட்டமாகியிருக்கிறது என்பதில் தெரிகிறது. மேலே சொன்ன 2024ஆம் ஆண்டு வழக்கில், வெளிநாட்டு இணையரை நாட்டுக்குள் அனுமதிக்கச் செய்யும் அடிப்படை உரிமை குடிமகளுக்கு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். தவிர, குடும்ப உரிமை என்பது சோதனையே கூடாது என்று பொருள்படாது. எந்த அளவு சோதனை தகும் என்ற கேள்வி மட்டுமே எஞ்சுகிறது. அதற்கு உரிமை மொழி தனியாக விடை தருவதில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: அழைப்பவரையும் சோதியுங்கள்

வழக்கமான சோதனை வருபவரின் பக்கம் மட்டும் பார்க்கிறது என்பது மூன்றாம் தரப்பின் குறை. தெரியாத நாட்டில், மொழி தெரியாமல், விசாவுக்குக் கணவரையே நம்பி இறங்கும் பெண்ணுக்கும் அறியும் உரிமை வேண்டும் என்கிறது அது. அமெரிக்காவில் 2006 ஜனவரியில் கையெழுத்தான சர்வதேசத் திருமணத் தரகர் ஒழுங்குமுறைச் சட்டம், வருங்கால மணமக்களுக்கான ‘கே’ வகை விசாவில் அழைப்பவர் தம் வன்முறைக் குற்றங்களைத் தெரிவிக்கவும், அது மணமகளுக்கு எட்டவும் வழி செய்தது. அதே ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம், குழந்தைகளுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றம் செய்தவர் குடும்பத்தினரை அழைப்பதைப் பெரும்பாலும் தடுத்தது. ஆஸ்திரேலியா 2016 நவம்பர் முதல் இணையர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்பவரிடமும் காவல் துறைச் சான்று கேட்கத் தொடங்கியது. கனடாவில் பாலியல் குற்றத்துக்கோ உறவினர் மீதான வன்முறைக்கோ தண்டனை பெற்றவருக்கு ஸ்பான்சர் தடை உண்டு.

இந்தியாவில் இதே கவலை வேறு வடிவத்தில் வந்தது. தேசியப் பெண்கள் ஆணையத்தில் வெளிநாடு வாழ் இந்தியர் திருமணப் பிரச்சினைகளுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. அத்திருமணங்களைக் கட்டாயமாகப் பதியும் மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. சட்ட ஆணையத்தின் 287ஆவது அறிக்கை 2024 பிப்ரவரியில் விரிவான சட்டம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதியப்பட வேண்டும். ஆனால் அந்தப் பதிவு மணமகனின் வெளிநாட்டு வாழ்வைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இங்கும் இடைவெளிகள் உள்ளன. அமெரிக்காவில் அந்த அறிவிப்பு முக்கியமாக ‘கே’ விசாவுக்கு உரியது. ஊரில் திருமணம் முடித்துச் சாதாரண மனைவி விசாவில் போகும் பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை. தகவல் வரும் நேரமும் பிந்தியது. நிச்சயதார்த்தம், மண்டபம், நகை எல்லாம் முடிந்தபின் தூதரகம் தரும் செய்தியைக் கேட்டு ஒரு குடும்பம் பின்வாங்குவது எளிதன்று. மேலும் கணவரின் அந்தரங்கத்தை எவ்வளவு திறந்து வைக்கலாம் என்பதும் தீராத வாதம்.

நான்காம் நிலைப்பாடு: எதைப் பதிவாகக் கொள்வது

சான்றிதழை ஒழிக்காமல் அதன் உள்ளடக்கத்தைச் சீராக்க வேண்டும் என்பது நான்காவது தரப்பு. இந்தியச் சட்டத்தில் இதற்கு ஊன்றுகோல்கள் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, முடிந்துபோன சிறார் வழக்கை நடத்தைச் சான்றுக்காக வெளியிடக் காவல் துறைக்குத் தடை விதிக்கிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கான பின்னணிச் சோதனையில் குற்றத்தின் தன்மை, மறைத்ததன் தன்மை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; அற்பக் குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. 2019 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம், எப்.ஐ.ஆர். போட்டிருப்பதோ விசாரணையில் இருப்பதோ பாஸ்போர்ட் சட்டத்தின் பொருளில் ‘நிலுவையில் உள்ள வழக்கு’ ஆகாது; நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் ஏற்றிருக்க வேண்டும் என்று விளக்கியது. அந்த விளக்கம் பாஸ்போர்ட்டுக்கு உரியது. பி.சி.சி.யிலும் அதே அளவுகோலைப் பின்பற்றினால் தெளிவு கூடும் என்பது இத்தரப்பின் வாதம். 2022இல் கேரளக் காவல் துறை, உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, வெளிநாட்டுக்கான நற்சான்று தருவதை நிறுத்தி, உள்நாட்டுத் தேவைக்குக் குற்றத்தில் தொடர்பின்மைச் சான்று என்ற வேறு தாளைத் தரத் தொடங்கியது. நடத்தையை மெச்சுவதும் பதிவைச் சொல்வதும் வேறுவேறு வேலைகள் என்பதை அந்த மாற்றம் ஒப்புக்கொள்கிறது.

போராட்ட வழக்குகளைப் பற்றியும் இத்தரப்பு பேசுகிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். மறியல், அனுமதியற்ற கூட்டம் போன்ற பிரிவுகளில் வழக்குகள் பதியும்போது ஊரே பெயர்ப் பட்டியலாகிவிடக்கூடும். அது அந்த ஊர்ப் பெண்ணின் ‘பாதகமான தகவல்’ ஆகுமா? குற்றத்துக்கும் குடிமை எதிர்ப்புக்கும் கோடு கிழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? காலம் கடந்த குற்றத்தை மறப்பதும் இங்கே சேரும். பிரிட்டனுக்கு 1974ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் இருக்கிறது. கனடா சில வகைக் குற்றங்களுக்குத் தண்டனை முடிந்து 10 ஆண்டு கடந்தால் திருந்தியவராகக் கருத வழி வைத்திருக்கிறது. வயது வந்தோருக்கு இந்தியாவில் இதற்கு இணையான பொதுச் சட்டம் இல்லை.

சீர்திருத்தத்தால் தீராத ஒரு பொருத்தமின்மை உண்டு. சான்றிதழில் இருப்பதும் படிவம் கேட்பதும் ஒன்றல்ல. அமெரிக்கக் குடியேற்றப் படிவம், மன்னிக்கப்பட்டிருந்தாலும்கூட எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று கேட்கிறது. கைதாகி, பின்பு வழக்கு சமரசமாகி முடிந்த ஒருவர் பி.சி.சி. தூய்மையாக வந்ததை நம்பி ‘இல்லை’ என்று எழுதினால், பழைய தகராறைவிடப் பொய் சொன்ன குற்றமே பெரிதாகிவிடும். கனடாவில் தவறான தகவலுக்கு 5 ஆண்டுத் தடை. அமெரிக்காவில் விலக்கு கிடைக்காவிட்டால் வாழ்நாள் தடை. நல்ல தாள் கையில் இருப்பதே தவறான பதிலுக்குத் தூண்டலாம் என்பதை இந்த நிலைப்பாடு போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்க்கையில் சில முடிவுகளுக்கு ஓரளவு துணிவோடு வரலாம். காவல் துறைச் சான்றிதழ் ஒரு பதிவுத் தேடலின் விடை. அந்த அளவில் அதைக் கேட்பது நியாயமே. அதை ஒருவரின் நடத்தைக்கு உத்தரவாதமாகப் படிக்கும்போது, அதனால் சுமக்க முடியாத பாரத்தை அதன் மீது ஏற்றுகிறோம். தீர்ப்பையும் சந்தேகத்தையும் ஒரே வாசகத்தில் சேர்க்கும் இந்தியச் சான்றிதழ், நிலுவை வழக்கு எது என்பதைப் பாஸ்போர்ட் அளவுகோலுக்கு இணையாக வரையறுத்துக்கொண்டால் விண்ணப்பதாரருக்கும் வெளிநாட்டு அதிகாரிக்கும் பயன் கூடும். சோதனை இரு பக்கமும் செல்ல வேண்டும் என்ற மூன்றாம் தரப்பின் வாதம், இணையர் குடியேற்றத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதால் மற்றவற்றைவிட வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் அது தாமதமாகச் செயல்படும் வரை அதன் பயன் குறைவு.

திறந்தே நிற்கும் கேள்விகளும் உண்டு. சான்றிதழ் கேட்கும் நாடுகள் கேட்காத நாடுகளைவிட எதைத் தடுத்திருக்கின்றன என்பதை நம்பத்தக்க முறையில் ஒப்பிட்டுக் காட்டாதவரை, முதல் இரு நிலைப்பாடுகளும் கொள்கை வாதங்களாகவே இருக்கும். அழைப்பவரின் பதிவைத் திருமணத்துக்கு முன்பே மணமகளுக்குத் தருவது எந்த நாட்டின் கடமை, எந்தச் சட்டத்தின் கீழ் என்பது முடிவாகவில்லை. ஒருவர் நாடு மாறிய பிறகு, பிறந்த ஊரின் காவல் நிலையப் பதிவு எத்தனை ஆண்டுகள் அவரைத் தொடரலாம் என்பதற்கு இந்தியாவில் பொது விடை இல்லை. இம்மூன்றில் கடைசிக் கேள்விக்கு மட்டும் இந்திய நாடாளுமன்றமே விடை சொல்ல முடியும். மற்ற இரண்டுக்கும் வரவேற்கும் நாடுகளின் ஒத்துழைப்பும், அவை வெளியிட முன்வரும் தரவுகளும் தேவைப்படும்.